வீட்டிலேயே கார் ஆயில் மாற்ற எந்த வழி நல்லது?

எஞ்சின் ஆயிலை வீட்டிலேயே மாற்றிப் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் முதலில் கேட்பது, பழைய ஆயிலை எப்படி வெளியே எடுப்பது என்பதைத்தான். ஜாக்கி வைத்துத் தூக்கி அடியிலிருந்து இறக்கலாமா, ரேம்ப்பில் ஏற்றலாமா, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கின் குழாய் வழியாக மேலிருந்தே உறிஞ்சிவிடலாமா? எந்த வழியில் போனாலும் ஆயில் வெளியே வந்துவிடும். அதனால் நான் எதிர்க்கேள்வியாக இரண்டு கேட்பேன். உங்கள் எஞ்சினில் ஆயில் ஃபில்டர் எங்கே இருக்கிறது? கார் நிற்கும் தரை எப்படிப்பட்டது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதி வழிகள் தாமாகவே கழிந்துவிடும்.

அதற்கும் முன்னால் ஒன்று. வாரண்டி முடியாத காரில் இந்த வேலையைத் தொடாமல் இருப்பதே நல்லது. மாருதி போன்ற நிறுவனங்கள் 1,000, 5,000, 10,000 கிலோமீட்டரில் தரும் முதல் மூன்று சர்வீஸ்களுக்குக் கூலி கிடையாது. ஆயிலுக்கும் ஃபில்டருக்கும்தான் காசு. நாளைக்கு எஞ்சினில் ஏதாவது கோளாறு என்று போய் நின்றால் சர்வீஸ் பதிவைத்தான் முதலில் கேட்பார்கள். மிச்சமாகும் சில நூறு ரூபாய்க்காக அந்தப் பதிவில் ஓட்டை விழ வேண்டாம். இனி நான் எழுதுவதெல்லாம் வாரண்டி முடிந்த கார்களுக்கு.

ஃபில்டர் எங்கே என்று பார்ப்பது எளிது. பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். மேலேயே கறுப்பு பிளாஸ்டிக் மூடி, அதன் தலையில் ஸ்பேனர் போட அறுகோண மேடு, உள்ளே காகித ஃபில்டர் என்று இருந்தால் உங்களுடையது கார்ட்ரிட்ஜ் வகை. மெர்சிடிஸ் டீசல்கள், ஃபோக்ஸ்வாகனின் பழைய டிடிஐ எஞ்சின்கள் இப்படித்தான் இருக்கும். நம் தெருக்களில் ஓடும் சிறிய பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு, எஞ்சின் பிளாக்கின் கீழ்ப்பகுதியில் திருகி மாட்டிய தகர டப்பா ஃபில்டர்தான். அதைக் கழற்ற அடியிலிருந்துதான் கை போக வேண்டும். கை மட்டும் போனால் போதுமா, உடம்பும் போக வேண்டுமா என்பது காருக்குக் கார் மாறும்.

இங்கே பலர் ஒரு கணக்குப் போடுவார்கள்: என் கார் உயரம், தூக்காமலே அடியில் நுழைந்துவிடலாம் என்று. ஸ்விஃப்டின் தரை இடைவெளி 163 மில்லிமீட்டர். நெக்ஸான், பிரெஸ்ஸா போன்றவற்றுக்கு 200 மில்லிமீட்டரைச் சுற்றி. மல்லாந்து படுத்தால் ஒரு சராசரி ஆளின் நெஞ்சே அந்த உயரத்துக்கு வந்துவிடும். உயரமான காரில் பக்கவாட்டிலிருந்து கையை நீட்டி, ஆயிலை வடிக்கத் திறக்கும் ட்ரெயின் நட்டைத் தொடலாம், ஆயில் பிடிக்கும் தட்டைத் தள்ளி வைக்கலாம். கண்ணால் பார்த்து, ஸ்பேனரை முழுதாகச் சுழற்றி வேலை செய்ய அது போதாது. ஆகவே அடியிலிருந்து செய்வது என்றால் காரை உயர்த்தித்தான் ஆக வேண்டும்.

ஜாக்கியும் ஸ்டாண்டும்

இதில் வேலையைவிட ஆபத்தைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. காரோடு வரும் கத்தரி ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டுமே செய்யப்பட்டது. அதை வைத்துத் தூக்கிய காருக்கு அடியில் தலையை விடக் கூடாது. "ரெண்டு நிமிஷம்தான், நட்டை மட்டும் தளர்த்திட்டு வந்துடறேன்" என்பதும் கூடாது. தாழ்வாக உருட்டிப் போடும் டிராலி ஜாக்கியும் அப்படியே. அதன் ஹைட்ராலிக் சீல் எப்போது விடும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு ஜாக் ஸ்டாண்டு. ஒரு ஜோடி ஸ்டாண்டு, ஒவ்வொன்றும் குறைந்தது 2 டன் தாங்கும் என்று எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

ஸ்டாண்டுக்குப் பதிலாக ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி வைப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். கட்டட வேலைக்கு வந்த கல், கனமாக இருக்கிறது, சுவரையே தாங்குகிறதே என்று நம்பி வைக்கிறார்கள். சுவரில் அந்தக் கல் மீது பாரம் முழு முகத்திலும் சமமாக இறங்குகிறது. காரின் விளிம்போ ஒரு கோடாக அதன் மெல்லிய ஓரத்தில் அழுத்தும். ஹாலோ பிளாக் வளையாது, முனகாது, எந்த முன்னறிவிப்பும் தராமல் ஒரே அடியில் நொறுங்கும். செங்கல்லும் அப்படித்தான். இந்த ஒரு விஷயத்தில் சமரசம் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

தரை அடுத்தது. கெட்டியான சமமான சிமென்ட் தரை என்றால் ஸ்டாண்டு நன்றாக நிற்கும். மண் தரையில் ஒரு கால் இறங்கும். தார் ரோட்டில் சித்திரை வெயிலில், மதிய நேரத்தில், ஸ்டாண்டின் கால்கள் தாரில் பதிவதைக் கண்ணால் பார்க்கலாம். வேறு இடமே இல்லையென்றால் விடிகாலையில், கனமான பிளைவுட் துண்டு போட்டு அதன் மேல் வையுங்கள். சரிவான இடம் வேண்டவே வேண்டாம். முன்பக்கம் தூக்கும்போது ஹேண்ட் பிரேக் இழுத்து, முதல் கியரில் போட்டு, பின் சக்கரங்களுக்குப் பின்னால் கட்டை முட்டுக் கொடுக்க வேண்டும். எங்கே ஜாக்கி வைக்க வேண்டும், எங்கே ஸ்டாண்டு வைக்க வேண்டும் என்று காரின் கையேட்டில் படம் இருக்கும். ஸ்டாண்டில் இறக்கிய பிறகு, அடியில் போவதற்கு முன், காரைப் பக்கவாட்டில் இரண்டு கையாலும் அழுத்தி ஆட்டிப் பாருங்கள். அது ஆடுவதாக இருந்தால் நீங்கள் வெளியே இருக்கும்போதே ஆடட்டும்.

இந்த வழியின் பெரிய பலன், கார் முழுவதையும் கீழிருந்து பார்க்க முடிவது. ஆக்ஸிலின் ரப்பர் உறையான பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா, சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் வெடித்திருக்கிறதா, எங்காவது ஆயில் கசிகிறதா என்று ஒரே பார்வையில் தெரியும். ஆயில் மாற்றும் வேலையில் எனக்கு மிகவும் பிடித்ததே இந்தப் பார்வைதான். கிழிந்த ரப்பர் பூட்டை முதலிலேயே கண்டால் பூட்டை மாற்றுவதோடு போகும். சத்தம் வந்த பிறகு கண்டால் ஆக்ஸிலே போகும்.

ரேம்ப்

முன் சக்கரங்களை ஏற்றி நிறுத்த இரண்டு சாய்தளங்கள். இரும்பிலும் கெட்டி பிளாஸ்டிக்கிலும் கிடைக்கின்றன. தகர டப்பா ஃபில்டர் உள்ள சாதாரண காருக்கு, சொந்த வீட்டில் சமமான போர்ட்டிகோ இருப்பவருக்கு, நான் முதலில் சொல்வது இதைத்தான். காரின் பாரம் சக்கரங்களின் வழியாகவே இறங்குகிறது. ஜாக்கி பாயின்ட் தேட வேண்டாம், ஸ்டாண்டு நழுவுமோ என்ற பயம் இல்லை. ஹேண்ட் பிரேக் பிடிக்கும் பின் சக்கரங்கள் தரையிலேயே நிற்கின்றன. புதிதாகப் பழகுபவர் தவறு செய்ய இடம் குறைவு.

இதற்கும் சில தொல்லைகள் உண்டு. வழவழப்பான டைல்ஸ் அல்லது கிரானைட் போட்ட போர்ட்டிகோவில் சக்கரம் ஏற முயலும்போது ரேம்ப் முன்னால் வழுக்கிக்கொண்டு ஓடும். அடியில் பழைய ரப்பர் மேட்டோ நனைத்த சாக்கோ போட்டால் பிடிக்கும். முன் பம்பர் தாழ்வாக உள்ள செடான்களில் சக்கரம் ஏறும் முன்பே பம்பர் ரேம்ப்பில் இடிக்கும். அதற்கு முன்னால் ஒரு பலகை போட்டுச் சரிவைக் குறைக்க வேண்டும். ஏற்றும்போது பக்கத்தில் ஒருவர் நின்று, சக்கரம் உச்சிக் குழியில் விழுந்ததும் கை காட்ட வேண்டும். தனியாக ஏற்றி முன்பக்கம் தாண்டிவிட்டால் பிறகு காரை இறக்குவது பெரும்பாடு.

கடையில் விற்கும் ரேம்ப் பிடிக்கவில்லை என்றால் ஆசாரியிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம். டயரைவிட அகலமான, இரண்டு அங்குல கனமுள்ள நல்ல பலகைகளைப் படிக்கட்டு போல நீளம் குறைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் திருகி இறுக்கினால் ஐந்தாறு அங்குல உயரம் கிடைக்கும். உள்ளே வெற்றிடமே இல்லாத கெட்டி மரம் என்பதால் நொறுங்காது. உச்சியில் முன்பக்கம் ஒரு தடுப்புக் கட்டை அவசியம். அந்த உயரத்தில் தாராளமாகப் படுக்க முடியாது. ஆனால் தோள் வரை உள்ளே போகும்.

முன்பக்கம் உயர்ந்து நிற்பதால், எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பும் பின்பக்கமாகச் சாயும். ட்ரெயின் நட்டு சம்ப்பின் பின்புறம் இருந்தால் ஆயில் சுத்தமாக வடியும். முன்புறமோ பக்கவாட்டிலோ இருந்தால் கொஞ்சம் உள்ளேயே தங்கும். அப்படிப்பட்ட காரில், பெரும்பகுதி வடிந்ததும் நட்டைப் போட்டு, காரைச் சமதளத்தில் இறக்கி, பக்கவாட்டிலிருந்து கை நீட்டி மறுபடி திறந்தால் மிச்சமும் வரும். எனக்கு அவ்வளவு மெனக்கெடத் தேவையில்லை என்றுதான் தோன்றுகிறது. எப்படி வடித்தாலும் எஞ்சினின் உள் குழாய்களிலும் ஹெட்டிலும் சிறிது பழைய ஆயில் இருக்கத்தான் செய்யும்.

மேலிருந்து உறிஞ்சுவது

டிப்ஸ்டிக்கை உருவிவிட்டு, அந்தக் குழாய் வழியாக மெல்லிய டியூபை சம்ப்பின் அடிவரை இறக்கி, கையால் அடிக்கும் வெற்றிட பம்ப்பால் ஆயிலை ஒரு டப்பாவுக்குள் இழுப்பது. காரைத் தூக்க வேண்டாம், சட்டையில் கறை படாது, நட்டின் மரையைத் தொடவே வேண்டாம். அடியில் பெரிய பிளாஸ்டிக் கவர் போட்டு அதை ஏழெட்டுத் திருகிலும் கிளிப்பிலும் மாட்டியிருக்கும் கார்களில், கீழே போவதைவிட இதில் பாதி நேரம்தான் ஆகும். மெர்சிடிஸ் சர்வீஸ் மையங்களே பல மாடல்களுக்கு இப்படி உறிஞ்சித்தான் எடுக்கின்றன. ஆகவே இது அரைகுறை முறை என்று சொல்வது சரியல்ல.

அந்த மையங்களின் கார்களில் ஃபில்டர் மேலே இருக்கிறது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. உங்கள் ஃபில்டர் கீழே இருந்தால், நாலாயிரம் ஐயாயிரம் கொடுத்து பம்ப் வாங்கி ஆயிலை மேலே எடுத்த பிறகும், ஃபில்டருக்காகக் காரைத் தூக்கித்தான் ஆக வேண்டும். தூக்கிய பிறகு நட்டையே கழற்றியிருக்கலாமே. ஃபில்டரை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுபவர்களும் உண்டு. புது ஆயிலைப் பழைய ஃபில்டர் வழியாக ஓட்டுவதற்கு இத்தனை சிரமம் எதற்கு?

டியூப் உண்மையிலேயே அடியைத் தொடுகிறதா என்பது அடுத்த சந்தேகம். சில எஞ்சின்களில் டிப்ஸ்டிக் குழாய் வளைந்து போகும். உள்ளே போன டியூப் சம்ப்பில் சுருண்டு மேல்நோக்கி நிற்கும். நீங்கள் அடிவரை போய்விட்டது என்று நினைப்பீர்கள். இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. முதல் முறை உறிஞ்சி முடித்ததும், ஒரே ஒரு தடவை மட்டும் கீழே போய் ட்ரெயின் நட்டையும் கழற்றி, எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். ஒரு டம்ளருக்கும் குறைவாக வந்தால் உங்கள் காருக்கு இந்த வழி பொருந்துகிறது. இனி எப்போதும் மேலிருந்தே எடுக்கலாம். அரை லிட்டர் வந்தால் பம்ப்பை விற்றுவிடலாம். உறிஞ்சுவதற்கு ஆயில் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஆறிய ஆயில் மெல்லிய டியூபில் ஏறவே ஏறாது. கொதிக்கும் ஆயிலில் டியூப் இளகும்.

டிப்ஸ்டிக்கே இல்லாமல் சென்சார் மட்டும் வைத்த சில ஜெர்மன் கார்களில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. பேட்டரியில் ஓடும் சின்ன 12 வோல்ட் பம்ப்கள் விலை குறைவுதான், ஆனால் நிதானமாக இழுக்கும், சீக்கிரம் சூடாகும். அவற்றைப் பெட்ரோல் இழுக்க ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது, தீப்பிடிக்கும்.

இந்த முறையில் எனக்குள்ள மனக்குறை வேறு. கீழே போனால் நட்டின் முனையில் உலோகத் துகள் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கலாம். மாவு போன்ற சாம்பல் நிறப் பூச்சு என்றால் கவலையில்லை. மினுங்கும் சில்லுகள் என்றால் உடனே மெக்கானிக்கிடம் போக வேண்டும். மேலிருந்து உறிஞ்சினால் அந்தச் செய்தி உங்களை வந்து சேராது. ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் வாய்ப்பை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

நட்டுக்குப் பதில் வால்வு

ட்ரெயின் நட்டு இருக்கும் இடத்தில் நிரந்தரமாக ஒரு சின்ன வால்வைத் திருகிவிடுவது. ஜப்பானின் ஃபுமோட்டோ நிறுவனம் இதில் நெடுநாளாகத் தெரிந்த பெயர். நெம்புகோலைத் தூக்கித் திருப்பினால் ஆயில் வரும். ஸ்பேனர் வேண்டாம், மரை தேயாது. உயரமான எஸ்யூவி வைத்திருப்பவர் காரைத் தூக்காமலே கை நீட்டித் திறந்துவிடலாம். வால்வு சம்ப்புக்குக் கீழே துருத்திக்கொண்டு நிற்குமா என்பதைப் பொறுத்துத்தான் என் முடிவு. நம் ஊர் வேகத்தடைகளில் தாழ்வான கார்களின் அடி உரசுவது சாதாரணம். துருத்தும் வால்வு உடைந்தால் ஓடும் வழியிலேயே மொத்த ஆயிலும் போகும். அடியில் காப்பாக இரும்புத் தகடு இருக்கிறது, வால்வு அதற்கு மேலேதான் முடிகிறது என்றால் போடலாம். ஸ்விஃப்ட், டிசைர், அமேஸ் உயரத்தில் உள்ள கார்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

நட்டும் ஃபில்டரும், கொஞ்சம் கிட்டத்தில்

அடியிலிருந்து செய்யும் எந்த வழியை எடுத்தாலும் சொதப்பக்கூடிய இடங்கள் இரண்டே இரண்டு. எஞ்சினை ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு ஆரம்பியுங்கள். நைட்ரைல் கையுறை போடுங்கள். பழைய எஞ்சின் ஆயில் தொடர்ந்து தோலில் படுவது புற்றுநோய் அபாயம் உள்ளது.

நட்டின் தலை பல கார்களில் 17 மில்லிமீட்டர், சிலவற்றில் 14. ரெனோ டஸ்டர் டீசலில் தலையே இருக்காது. 8 மில்லிமீட்டர் சதுரக் குழி இருக்கும், அதற்குத் தனிச் சாவி வேண்டும். வாயகன்ற ஸ்பேனர் போட்டால் மூலை மழுங்கும். ரிங் ஸ்பேனரோ ஆறு மூலை சாக்கெட்டோ போடுங்கள். மல்லாந்து படுத்திருக்கும்போது இடம் வலம் குழம்பும். தளர்த்துகிறோம் என்று நினைத்து இறுக்கி அலுமினிய சம்ப்பின் மரையைப் பிய்த்தெடுப்பது இப்படித்தான் நடக்கிறது. நட்டின் தலை உங்கள் முகத்தைப் பார்ப்பது போல நினைத்து, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்புங்கள். கடைசி இரண்டு சுற்றைக் கையால், நட்டை மேல்நோக்கி அழுத்தியபடியே கழற்றி, சட்டென்று பக்கவாட்டில் இழுத்தால் ஆயில் முழங்கை வரை வழியாது. முதல் பீய்ச்சல் நேராக விழாது, வளைந்து தள்ளிப் போய் விழும். வடிய வடிய பின்வாங்கும். தட்டை அதற்கேற்ப நகர்த்த வேண்டும்.

மாட்டும்போது வாசர் புதிதாக இருக்கட்டும். பத்து இருபது ரூபாய் சாமான், அதில் கஞ்சத்தனம் கூடாது. முதலில் முழுவதும் விரலாலேயே திருகுங்கள். விரலுக்கு ஏறவில்லை என்றால் மரை மாறி ஏறுகிறது என்று பொருள். கழற்றி மறுபடி பிடியுங்கள். சிறிய கார்களில் இறுக்கும் அளவு பெரும்பாலும் 30 முதல் 45 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். உங்கள் காருக்குரிய எண்ணைத் தேடி, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குவது உத்தமம். கை பலத்தை நம்பி ஓங்கி இறுக்கினால் அடுத்த முறை கழலாது.

ஃபில்டரைக் கழற்றும்போது அதன் உள்ளே உள்ள ஆயில் கொட்டும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நடுவில் அறுத்து, அடிப்பாதியை ஃபில்டருக்குக் கீழே தூக்கிப் பிடித்துக்கொண்டு கழற்றினால் அடியில் உள்ள குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரிலும் சைலன்ஸர் பைப்பிலும் வழியாது. அங்கே வழிந்தது மறுநாள் சூட்டில் புகையும், வீட்டில் எல்லோரும் பயப்படுவார்கள். பழைய ஃபில்டர் வெளியே வந்ததும் அதன் ரப்பர் வளையம் அதோடு வந்ததா என்று பாருங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேல் புது ஃபில்டரின் வளையமும் உட்கார்ந்தால், ஸ்டார்ட் செய்த சில நொடிகளில் அழுத்தம் தாங்காமல் ஆயில் முழுவதும் வெளியே பீய்ச்சிவிடும். உட்காரும் இடத்தைப் பனியன் வேஸ்டால் துடைத்து, புது வளையத்தில் விரலால் ஆயில் தடவி, கையாலேயே திருகி, வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று. ரெஞ்ச் கழற்றத்தான், மாட்ட வேண்டாம்.

கையேடு சொல்லும் அளவில் அரை லிட்டரைக் குறைத்து ஊற்றி, ஒரு நிமிடம் ஓட்டி, ஃபில்டரடியில் கசிவு இல்லை என்று பார்த்து, நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து மிச்சத்தை ஊற்றுங்கள். கூடுதலாகப் போனால் எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு அதைக் கடைந்து நுரையாக்கும். நுரைத்த ஆயில் எஞ்சினைக் காப்பாற்றாது.

அடுக்குமாடியில் இருப்பவர்கள்

ஸ்டில்ட் பார்க்கிங்கில் ஆயில் சிந்தினால் அசோசியேஷனில் பஞ்சாயத்து நிச்சயம். அங்கே இரண்டு வழி. ஆப்பில் அழைத்தால் வீட்டுக்கே வரும் மெக்கானிக் ஒன்று. அழைக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: ஃபில்டரையும் மாற்றுவீர்களா, காரைத் தூக்குவதானால் ஸ்டாண்டு கொண்டுவருவீர்களா, பழைய ஆயிலை எடுத்துப் போவீர்களா. ஒன்றுக்கு மழுப்பினாலும் வேண்டாம்.

மற்றது, எனக்கு அதிக நம்பிக்கை உள்ளது: ஆயில், ஃபில்டர், வாசர் மூன்றையும் நீங்களே வாங்கிக்கொண்டு, லிஃப்ட் வைத்திருக்கும் வாட்டர் சர்வீஸ் கடைக்கோ பழகிய மெக்கானிக்கிடமோ போய்ப் பக்கத்தில் நிற்பது. "அண்ணா, நட்டை இறுக்க ஏர் கன் வேண்டாம், கையாலயே இறுக்கிடுங்க, பழைய ஃபில்டரைக் காட்டுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நல்ல மெக்கானிக் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். லிஃப்டில் நிற்கும் காரின் அடியை அவரோடு சேர்ந்து நீங்களும் பார்க்கலாம். வீட்டில் ரேம்ப் போட்டுச் செய்வதன் பலன் ஏறக்குறைய முழுவதும் இதிலேயே கிடைத்துவிடுகிறது.

காசுக் கணக்கு

எந்த வழியிலும் ஆயிலின் விலை ஒன்றுதான். மிச்சமாவது கூலியும் சில்லறைச் சேர்மானங்களும் மட்டும். ஆண்டுக்கு ஒரு தடவையோ 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவையோ ஆயில் மாற்றும் ஒரே கார் வீட்டில், டிராலி ஜாக்கி, ஸ்டாண்டு, டார்க் ரெஞ்ச் என்று வாங்கினால் அந்தப் பணம் திரும்பி வரச் சில ஆண்டுகள் ஆகும். இரண்டு மூன்று கார் உள்ள குடும்பமோ, பகிர்ந்துகொள்ளும் அக்கம்பக்கமோ இருந்தால் சீக்கிரம் வரும். காசை மிச்சம் பிடிக்க மட்டும் இதில் இறங்குபவருக்கு ஏமாற்றம்தான். எந்த ஆயில் போனது, ஃபில்டர் உண்மையில் மாறியதா என்று சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும் என்பவருக்கு இது தகும்.

ஆயில் தேர்வில் கையேட்டை மீற வேண்டாம். 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயில் கேட்கும் எஞ்சினுக்கு, "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டியா இருக்கட்டும்" என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காக 20டபிள்யூ-50 ஊற்றாதீர்கள். 2020 ஏப்ரலுக்குப் பின், பிஎஸ்6 என்ற புகை விதிப்படி வந்த டீசல்களில் புகைத்துகளைப் பிடிக்கும் டிபிஎஃப் இருக்கிறது. அவற்றுக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். தவறான ஆயில் அந்த வடிகட்டியை அடைக்கும், அதன் விலை ஆயிரங்களில் இல்லை, லட்சத்தைத் தொடும். டப்பாவின் சீலைப் பார்த்து, பில் போட்டு வாங்குங்கள். பிற்காலத்தில் காரை விற்கும்போதும் அந்த பில்கள் பேசும்.

வெளியே வந்த ஆயில்

சிறிய காரில் மூன்று, மூன்றரை லிட்டர். பெரிய டீசலில் ஆறு ஏழு லிட்டர் கறுப்பு ஆயில் உங்கள் கையில் மிஞ்சும். இதை எங்கே கொடுப்பது என்று தெரியாமல் நட்டைக் கழற்றாதீர்கள். சாக்கடையில் ஊற்றுவது, மரத்தடியில் ஊற்றுவது, குப்பையில் போடுவது எதுவும் கூடாது. ஒரு கேலன், அதாவது நாலு லிட்டருக்கும் குறைவான பழைய ஆயில், பத்து லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்கக்கூடியது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரிக்கிறது. வீட்டுக் கிணறும் போர்வெல்லும் அதே மண்ணில்தான் இருக்கின்றன. கரையானுக்குப் பூசுகிறோம், சென்ட்ரிங் பலகைக்குத் தடவக் கொடுக்கிறோம் என்பதும் நம் ஊரில் காலகாலமாக நடக்கிறது. அந்தப் பலகையைத் தூக்குபவர் வெறுங்கையோடுதான் தூக்குகிறார். அது கழுவிப் போகும் இடமும் மண்தான்.

இந்தியாவில் கழிவு ஆயில் 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளுக்குள் வருகிறது. 2024 ஏப்ரல் 1 முதல், ஆயில் தயாரிப்பவர்களும் இறக்குமதி செய்பவர்களும் பழைய ஆயிலின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதியும் நடைமுறையில் இருக்கிறது. முறையாகச் சேர்க்கப்பட்ட ஆயிலை, அனுமதி பெற்ற ஆலைகள் சுத்திகரித்து மறுபடி அடிப்படை ஆயிலாக்குகின்றன. நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: தண்ணீரோ கூலன்ட்டோ கலக்காமல் புது ஆயில் வந்த டப்பாவிலேயே திரும்ப ஊற்றி மூடி, பீப்பாய் வைத்துச் சேர்க்கும் மெக்கானிக் ஷெட்டில் கொண்டுபோய்க் கொட்டுவது. அந்தப் பீப்பாய் யாரிடம் போகிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அனுமதி பெற்ற ஆலைக்கு எடுத்துப்போகும் வண்டி வருகிறது என்று சொல்லும் கடையாகத் தேர்ந்தெடுங்கள். பழைய ஃபில்டரை ஒரு இரவு முழுவதும் கவிழ்த்து வைத்து வடித்து, அதையும் அங்கேயே கொடுத்துவிடலாம்.

காலியான டப்பாவை அப்படியே பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். நல்ல பிராண்டு டப்பாவையும் மூடியையும் தேடி வாங்கி அதில் போலி ஆயில் நிரப்பி விற்பவர்கள் இருக்கிறார்கள். லேபிளைக் கிழித்து, அடியில் கத்தியால் ஒரு குறுக்கு வெட்டுப் போட்டுவிட்டுப் போடுங்கள்.